காஞ்சன் வாட்சும் மூணுதரம் டாட் காமும்

ஏலத்தில் ஒரு பொருளை முதல் விளிக்கே, அதாவது முதலில் கேட்ட விலைக்கே, எடுத்துக்கொண்டு போகிறவன் மனுசனே இல்லை என்பது இராஜாக்கமங்கலம் ஞானதாசனின் கருத்து. கருத்து என்றுகூடச் சொல்லக்கூடாது, பக்தி. அவருடைய சபையில் வருசா வருசம் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும், சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பலாப்பழம், ஏத்தன் வாழைக்குலை, கோழி, முட்டை எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஐம்பது ரூபாய்ப் பலாப்பழத்தை ஐம்பது ரூபாய்க்கே எடுத்தால் ஆண்டவருக்கு அதில் என்ன மிச்சம்? ஆகவே யாராவது ஒருவர் கூட்டத்துக்குள் நின்று விலையை ஏற்றிவிட வேண்டும். அந்தத் திருப்பணியை இருபது வருசத்துக்கு மேலாகச் செய்துவந்தவர் ஞானதாசன். லீவில் வந்த வளைகுடாக்காரன் எவனாவது "நூறு" என்றால், இவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "இருநூறு" என்பார். அவன் பொண்டாட்டி பக்கத்தில் நின்றால் "ஐநூறு" என்பார். இதற்கு சபையில் 'ஏத்திவிடுதது' என்று பேர். இதற்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஏத்தினவன் தலையில் விழுந்தால் ஏத்தினவனே எடுக்க வேண்டும்.

அப்படித்தான் தொண்ணூற்றாறாம் வருசம் ஒரு சேவல் அவர் தலையில் விழுந்தது.

குவைத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவன் ஆயிரம் வரை ஜோராக வந்தான். ஞானதாசன் ஆயிரத்து நூறு என்றார். அந்த நேரம் பார்த்து குவைத்துக்காரனின் பொண்டாட்டி அவன் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராகத் தவளைக்கு மயக்கமருந்து வைத்துக்கொண்டிருந்த ஞானதாசனுக்கு, ஆயிரத்து நூறு ரூபாய் சேவலைக் கையில் பிடித்தபோது தவளைக்கு வந்த மயக்கம் வந்தது. மனைவி லீமாவிடம் "நூத்தம்பது ரூவாய்க்கு எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குப் போய், கல்யாணத்துக்கு மாமனார் முத்துநாயகம் கையில் கட்டிவிட்ட எச்.எம்.டி. காஞ்சன் வாட்சை ஒரு வாட்ச் கடையில் விற்று, சபைக்குப் பணத்தைக் கட்டினார். தங்க நிறம், சதுர முகம், சாவி கொடுக்க வேண்டாம், கை ஆடினால் போதும் ஓடும். அந்தக் காலத்தில் காஞ்சன் கட்டிய மாப்பிள்ளை கையைக் கீழே தொங்கவிட மாட்டான்.

வாட்ச் எங்கே என்று லீமா கேட்டாள். மேசையில் கழற்றி வைத்தேன், காணவில்லை என்றார். வீட்டில் இருந்ததே மூன்று பேர். அவர், லீமா, ஐ.டி.ஐ. படிக்க வந்து அவர்களோடு தங்கியிருந்த லீமாவின் தம்பி ஜான்ரோஸ். "ஜான்ரோஸ்தான் எடுத்தான்" என்று ஞானதாசன் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை அவர் பிற்காலத்தில் தனக்குத்தானே பலமுறை நினைவுபடுத்திக்கொண்டார். "ஆரு எடுத்தான்னு எனக்குத் தெரியல்ல" என்றுதான் சொன்னார். குளச்சலிலிருந்து முத்துநாயகம் வந்து, மகனின் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். வாட்ச் இல்லை. இல்லாததனால் அதை அவன் விற்றுவிட்டான் என்பது உறுதியாயிற்று. ஜான்ரோஸ் துணிகளை அள்ளிக்கொண்டு போனான். படிப்பை விட்டான், கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டப் போனான். முத்துநாயகம் சாகும்வரை மகனோடு பேசவில்லை.

பதினாலு வருசம் கழிந்தது. இரண்டாயிரத்துப் பத்தில் ஒரு நாள் ஜான்ரோஸின் கல்யாணச் சீட்டு கூரியரில் வந்தது. இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு விளிப்பது என்றால் வீடேறி வந்து, காப்பி குடித்து, "கண்டிப்பா வரணும்" என்று சீட்டைக் கையில் கொடுப்பது. கூரியரில் அனுப்புவது, வராதே என்று சொல்வதற்கு உள்ள மரியாதையான வழி.

"ஒரே தம்பி. அவனுக்க கல்யாணத்துக்கு எனக்கு கவருல சீட்டு வருது, பாத்தியளா" என்று லீமா சீட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் ஞானதாசனுக்கும் வந்தது. அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் அவர் பயந்தாங்கொள்ளி. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆகவே வேறு வழி யோசித்தார். அதே மாதிரி ஒரு காஞ்சனை வாங்கி, எங்கேயோ இடுக்கில் கிடந்து கிடைத்ததாகச் சொன்னால், ஜான்ரோஸ் கள்ளன் இல்லை என்றாகும். தானும் கள்ளன் இல்லை என்றாகும். வாட்ச் மட்டும்தான் குற்றவாளி.

இராஜாக்கமங்கலம் சந்திப்பில் நெட் சென்டர் வைத்திருந்த பெபிஷா அவருக்காகத் தேடி, மூணுதரம் டாட் காம் என்ற ஏலக் கம்பெனியைக் கண்டுபிடித்தாள். முகப்பில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. மேலே ஒரு சுத்தியல். கீழே 'இந்தியாவின் நம்பிக்கை இங்கே ஏலம் விடப்படுகிறது' என்று எழுதியிருந்ததை பெபிஷா தமிழாக்கி வாசித்தாள். ஞானதாசனுக்கு அந்த வாசகம் பிடித்துப்போயிற்று. விற்பவர் பெயர் தாத்தாபெட்டி77. 'என் அருமைத் தாத்தாவின் பெட்டியில் கிடைத்த அரிய காஞ்சன். தொடக்க விலை ஐநூறு. ஏழு நாள்.' படத்தில் பார்த்தால் அச்சு அசல் மாமனாரின் வாட்ச்.

ஐநூறு என்று விளித்தார். நாலு நாள் வேறு ஒருவரும் வரவில்லை. வேறு எவனாக இருந்தாலும் சந்தோசப்பட்டிருப்பான். ஞானதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் நெட் சென்டருக்குப் போனார்.

"மக்கா பெபிஷா, ஒரு எழுநூறு போடு."

"மாமா, ஐநூறு போட்டது நீங்கதான்."

"தெரியும் பிள்ள."

"ஒங்கள நீங்களே ஏத்துதியளா?"

"முதல் விளிக்கு எடுத்தா நல்லாவா இருக்கும்? செத்துப்போன அந்தத் தாத்தா என்ன நெனப்பாரு?"

பெபிஷா மூணு வருசமாக நெட் சென்டர் நடத்துகிறாள். எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருக்கிறாள். எழுநூறு போட்டாள். போகிற போக்கில் அவர் அதைத் தொள்ளாயிரமாகவும் ஆக்கிவிட்டுப் போனார்.

கடைசி நாள், கடைசி அரை மணி நேரத்தில் ஜி*7 என்று ஒருவர் வந்தார். பெயரின் நடுவில் நட்சத்திரம் வைப்பது கம்பெனியின் வழக்கம். ஏலம் கேட்கிறவரின் பாதுகாப்புக்காக. ஞானதாசன் ஆயிரம் என்றால் அவர் ஆயிரத்து ஐம்பது. இரண்டாயிரம் என்றால் இரண்டாயிரத்து ஐம்பது. ஆறாயிரத்து எண்ணூறோடு ஞானதாசன் நின்றுகொண்டார். ஜி*7 ஆறாயிரத்து எண்ணூற்றைம்பதில் வாட்சைத் தட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. பெபிஷா வாசித்தாள். "வாழ்த்துகள், அதிர்ஷ்டசாலியே! வென்ற உறுப்பினரின் தாயார் திடீரென மறைந்துவிட்டபடியால் அவரால் வாட்சைப் பெற இயலவில்லை. ஆகவே தாங்கள் கேட்ட உச்ச விலையான ஆறாயிரத்து எண்ணூறுக்கே அதைப் பெற்றுக்கொள்ளும் இரண்டாம் வாய்ப்பு தங்களுக்கு மகிழ்ச்சியுடன் வழங்கப்படுகிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பணம் கட்டவும்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்றுதான் வேறு யாரும் நினைத்திருப்பார்கள். ஞானதாசன் கண் கலங்கினார்.

"பாவம், அம்மையைப் பறிகொடுத்தவனுக்க கையில இருந்து வாட்சைப் பறிக்கணுமா? அவன் அடக்கம் முடிச்சிட்டு வரட்டும். வேண்டாம்னு போடு."

போட்டாள். அதோடு விடாமல், புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தார். போதகர் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார். "நெட்டில் ஏலம் எடுத்த ஜி நட்சத்திரம் ஏழு என்ற சகோதரனின் தாயார் மறைவுக்காகவும், அந்தக் குடும்பத்தின் ஆறுதலுக்காகவும் ஜெபிப்போமாக." சபை ஆமென் என்றது.

அடுத்த வாரம் தாத்தாபெட்டி77 இன்னொரு காஞ்சனை ஏலத்தில் வைத்தார். இது வேறொரு தாத்தா போலிருக்கிறது என்று ஞானதாசன் நினைத்தார். கடைசி அரை மணி நேரத்தில் ஜி*7 வந்தார். துக்கத்தில் இருக்கிற மனுசன் இத்தனை சீக்கிரம் தேறிவிட்டாரே என்று ஞானதாசனுக்கு ஆறுதலாக இருந்தது. ஏழாயிரத்து ஐம்பதில் அவர் வென்றார். மறுநாள் அவருடைய தாயார் மறுபடியும் இறந்துபோனார்.

"மாமா, இதப் பாருங்க" என்று பெபிஷா ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஜி*7 அதுவரை அறுபத்திரண்டு ஏலத்தில் கலந்துகொண்டிருக்கிறார். அறுபத்திரண்டும் தாத்தாபெட்டி77 வைத்த பொருட்கள். ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

பாம்பின் கால் பாம்பறியும். ஞானதாசன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, இது ஏத்திவிடுத ஆளாக்கும்."

"அதத்தான் நான் மொதல்லயே நெனச்சேன்."

"ஏத்தினா ஏத்தட்டும். அதுல தப்பில்ல. ஆனா தலையில விழுந்தா எடுக்கணும்லா? இவன் அம்மையைக் கொன்னுல்லா தப்பிச்சுக்கிடுதான்!"

அவருக்கு உண்டான கோபம் மோசடியைப் பற்றியது அல்ல, முறைகேட்டைப் பற்றியது. அந்தக் கோபத்தோடு கம்பெனிக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் போன் வீணை வாசித்த பிறகு ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க உணர்வுகள நாங்க மதிக்கிறோம் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு வாரத்தில் எழுத்துமூலமான பதிலும் வந்தது.

'மதிப்புக்குரிய உறுப்பினரே, ஏலத்தில் விலை ஏறுவது இயற்கை. விற்ற விலையில் எட்டு சதவீதம் மட்டுமே கம்பெனி பெற்றுக்கொள்வதால், விலை ஏறுவதில் கம்பெனிக்கு எந்த அக்கறையும் இல்லை. தாங்கள் சந்தேகப்படும் உறுப்பினர் யார் என்று சொன்னால் விசாரிக்கத் தயாராக உள்ளோம். அவர் யார் என்பதைத் தங்களிடம் சொல்ல எங்கள் கொள்கை இடம்தராது. ஒரே உறுப்பினரின் தாயார் இருமுறை இறந்ததாகக் கூறுகிறீர்கள். உறுப்பினர்களின் குடும்ப விஷயங்களில் கம்பெனி தலையிடுவதில்லை.'

கடிதத்தின் அடியில் ஓர் அழைப்பு இருந்தது. கம்பெனியின் மண்டல நம்பிக்கை மேலாளர் நாகர்கோவிலுக்கு வருகிறார், ஒரு ஹோட்டலில் உறுப்பினர் விழிப்புணர்வுக் கூட்டம், மதியச் சாப்பாடு உண்டு. ஞானதாசன் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். முப்பது பேர் இருந்தார்கள். பலரும் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

மண்டல நம்பிக்கை மேலாளர் ஆன்ட்ரூஸ் கோட்டு போட்டு, டை கட்டி, கழுத்தில் சிறு மைக் மாட்டி, மேடையில் இடமும் வலமும் நடந்துகொண்டே பேசினார்.

"நண்பர்களே, போன வருடம் எங்களுக்கு நாற்பதாயிரம் புகார்கள் வந்தன. போலியாக விலை ஏற்றுகிறார்கள் என்று. நாற்பதாயிரம்! அதில் எத்தனை நிரூபிக்கப்பட்டது தெரியுமா? பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. நிரூபிக்கும் பிரிவை நாங்கள் இன்னும் தொடங்கவில்லை, அது வேறு விஷயம். தொடங்காமலே பூஜ்யம் என்றால், தொடங்கினால் எவ்வளவு குறையும் என்று நினைத்துப் பாருங்கள்!"

கைதட்டல் எழுந்தது.

"சிலர் கேட்கிறார்கள், ஏன் சார் பெயரில் நட்சத்திரம் வைக்கிறீர்கள் என்று. நண்பர்களே, சந்தேகத்துக்குரிய ஒருவருடைய பெயர் வெளியே தெரிந்தால், சந்தேகப்படாமல் இருக்கும் லட்சக்கணக்கான உறுப்பினர்களும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்கள். நம்பிக்கை போய்விடும். எங்களுக்கு நம்பிக்கைதான் மூலதனம். ஏனென்றால் வேறு மூலதனம் நாங்கள் போடவில்லை." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தழைத்தார். "இரண்டாம் வாய்ப்பு. உலகத்தில் யார் உங்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுப்பார்கள்? பள்ளிக்கூடம் கொடுக்குமா? மேலதிகாரி கொடுப்பாரா? கட்டிய மனைவி கொடுப்பாளா? நாங்கள் கொடுக்கிறோம். போன வருடம் மட்டும் ஒன்பது லட்சம் இரண்டாம் வாய்ப்புகள்! முதல் வாய்ப்புகளே ஐந்து லட்சம்தான் இருந்தன."

கேள்வி நேரத்தில் ஞானதாசன் எழுந்து நடந்ததை எல்லாம் சொன்னார். ஆன்ட்ரூஸ் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டார்.

"சரி ஐயா. அவர் போலியாக விலை ஏற்றுகிறவர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம இருக்குமா சார்? நான் இருவது வருசத்துக்கு மேல ஏத்திவிட்ட ஆளாக்கும்" என்று ஞானதாசன் பெருமையோடு சொன்னார். "கூட்டத்துல நின்னு சத்தத்தைக் கேட்டாலே, இவன் எடுக்க வந்தவனா ஏத்த வந்தவனான்னு சொல்லிப்போடுவேன்."

ஆன்ட்ரூஸ் தன் டயரியில் ஏதோ எழுதினார். "உங்கள் உறுப்பினர் எண் என்ன ஐயா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். இத்தனை பெரிய அதிகாரி தன்னைக் கவனித்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் ஞானதாசன் இரண்டு தடவை சொன்னார், தப்பாக எழுதிவிடக்கூடாது என்பதற்காக.

மூன்றாம் நாள் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. காரணம் விரிவாகக் கொடுத்திருந்தார்கள். ஒன்று, பொதுக்கூட்டத்தில் முப்பது சாட்சிகளின் முன்னிலையில், இருபது வருடங்களுக்கு மேல் போலியாக விலை ஏற்றியதாக அவரே வாக்குமூலம் தந்தார். இரண்டு, அவர் கலந்துகொண்ட முதல் ஏலத்தில், எதிராளி எவரும் இல்லாதபோது, ஐநூறை எழுநூறாகவும், எழுநூறைத் தொள்ளாயிரமாகவும் தானே உயர்த்தியிருக்கிறார். விலையை உயர்த்துவதைத் தவிர இதற்கு வேறு நோக்கம் இருக்க முடியாது. நாற்பதாயிரம் புகார்களில் நிரூபிக்கப்பட்ட முதல் வழக்கு இது என்பதில் கம்பெனி பெருமை கொள்கிறது.

"முதல் விளிக்கு எடுக்கக்கூடாதுன்னு தானே மக்கா ஏத்தினேன்" என்றார் ஞானதாசன் பெபிஷாவிடம்.

"அத இங்கிலீசுல எப்படி மாமா எழுத?" என்றாள் பெபிஷா. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. லீமா இப்போதெல்லாம் அழுவதில்லை. பேசுவதும் இல்லை. கல்யாணச் சீட்டு சமையலறை அலமாரியில் உப்புப் பரணிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது.

முடக்கிய கணக்கைத் திறக்க கம்பெனியே ஒரு வழி வைத்திருந்தது. திருந்தும் உறுப்பினர்களுக்கான இரண்டாம் வாய்ப்புத் திட்டம். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. 'ஓர் ஏலத்தில் சந்தேகத்துக்குரிய விளி ஒன்றைக் காண்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. புகார் கொடுப்பேன் என்று போட்டால் தப்பு. ஒதுங்கிக்கொள்வேன் என்று போட்டாலும் தப்பு. அதைவிடக் கூடுதலாக விளிப்பேன் என்பதுதான் சரியான விடை. பத்துக்கு நாலு வாங்கித் தோற்ற ஞானதாசன், சிறுவயதில் சபையின் திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசம் படித்த மாதிரி விடைகளை உருப்போட்டு இரண்டாம் தடவை பத்துக்குப் பத்து வாங்கினார்.

பரீட்சைக்குப் பின் ஒரு வாக்குமூலம். 'போலியாக விலை ஏற்றிய குற்றத்தை நானே செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இதனால் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' பெபிஷா தயங்கினாள்.

"செய்யாததச் செய்தேன்னு எப்படி மாமா போட?"

"போடு" என்றார் ஞானதாசன்.

அவள் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஜான்ரோஸிடம் யாரும் இப்படி டிக் போடச் சொல்லவில்லை. அவனுடைய துணிகளை அவன் கண்முன்னால் உதறினார்கள், அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது வாசலில் நின்றிருந்த தன்னை ஞானதாசன் இப்போது நினைத்துக்கொண்டார். அந்த ஆளைப் பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. அறையாமல், "கணக்கு தொறந்தாச்சா?" என்று கேட்டார்.

திறந்தது. 'தங்க நம்பிக்கை உறுப்பினர்' என்று ஒரு பட்டமும் வந்தது. நிரூபிக்கப்பட்ட ஒரே உறுப்பினர் என்பதால் கம்பெனிக்கு அவர்மேல் தனி நம்பிக்கை ஏற்பட்டிருந்தது. அந்த வாரமே தாத்தாபெட்டி77 மூன்றாவது காஞ்சனை வைத்தார். ஜி*7 வந்தார். ஞானதாசன் ஏழாயிரத்து இருநூறு வரை ஒழுங்காகப் போய் நிறுத்தினார். மறுநாள் அந்தத் தாயார் மூன்றாம் முறையாக இறந்தார். இரண்டாம் வாய்ப்பு வந்தது. ஞானதாசன் யாருக்காகவும் ஜெபிக்காமல் வங்கிக்குப் போய்ப் பணத்தைக் கட்டினார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பார்சல் வந்தது. நெட் சென்டரில் வைத்தே பிரித்தார்கள். முகத்தில் காஞ்சன் என்று இருந்தது. முள் வேறு ஏதோ வாட்சின் முள். கிழமை காட்டும் கட்டத்தில் சனிக்கிழமை நின்றது. எவ்வளவு திருகினாலும் சனி விலகவில்லை. கையில் கட்டி ஆட்டினால் ஓடியது, ஆட்டுவதை நிறுத்தினால் நின்றது. பின்மூடி தகரம். பெபிஷா கம்பெனிக்கு எழுதினாள். இந்தத் தடவை அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டாம் வாய்ப்பில் வாங்கிய பொருள் ஏலத்தில் வாங்கிய பொருள் ஆகாது. ஆகவே ஏலப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது. இரண்டாம் வாய்ப்புக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

"போட்டும் பிள்ள" என்றார் ஞானதாசன். பதினாலு வருசம் இடுக்கில் கிடந்த வாட்ச் ஓடினால்தானே சந்தேகம் வரும் என்று அவர் அதிலும் ஒரு நன்மை கண்டார். கொஞ்சம் தூசியைத் தடவிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

லீமா மத்தியானச் சோறு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஞானதாசன் அறைக்குள் போய், பீரோவை இரண்டு இழுப்பு சத்தமாக இழுத்துவிட்டு, "லீமா! இஞ்ச ஓடி வா! இதப் பாரு!" என்று கத்தினார்.

அவள் ஈரக்கையோடு வந்தாள். வாட்சை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"எங்க கெடந்தது?"

"பீரோவுக்குப் பொறத்த. செவுத்துக்கும் பீரோவுக்கும் எடையில."

"பதினாலு வருசமாவா?"

"ஆமா, பாரேன்!"

"இந்த பீரோவ நாம ரெண்டாயிரத்தி ஒண்ணுலல்லா வாங்கினோம்" என்றாள் லீமா.

ஞானதாசன் பீரோவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு பொய்யும் ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சேவலுக்கு ஆயிரத்தி நூறுன்னு, அந்த வருசத்து சபை ரிப்போட்டுல ஒங்க பேரோட அச்சடிச்சு வந்துது. எனக்கு வாசிக்கத் தெரியாதா? ஆயிரத்தி நூறு ஒங்களுக்கு எங்க இருந்து வந்துன்னு எனக்கு ரோசிக்கத் தெரியாதா?"

"பின்ன ஏன் நீ கேக்கல்ல?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். மொத வருசம் இருந்தேன். ரெண்டாம் வருசமும் இருந்தேன். அப்பா சாவக் கெடக்கும்போதாவது சொல்லுவியன்னு இருந்தேன். பெறவு பாத்தா, தெரிஞ்சும் வாயத் தொறக்காத நானும் சேந்துதான் எனக்க தம்பியக் கள்ளனாக்கியிருக்கேன். அதுக்குப் பெறவு நான் எந்த வாயால கேக்க?"

அவள் வாட்சைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய் செல்போனை எடுத்து வந்தாள். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக அமுக்கினாள். மணி அடித்ததும் அவர் கையில் வைத்தாள்.

"ஒண்ணும் வெளக்காண்டாம். நான்தான் வித்தேன்னு மட்டும் பறயுங்க. அவன் ஏசினா ஏசட்டும். நாம கல்யாணத்துக்குப் போவோம்."

"அக்கா?" என்றது போன்.

"அக்கா இல்ல. நான்தான்" என்றார் ஞானதாசன்.

"அத்தானா?" என்றான் ஜான்ரோஸ். பதினாலு வருசத்துக்குப் பிறகு அந்தக் குரல் வயதாகிப்போயிருந்தது. ஆனாலும் அத்தான் என்றுதான் சொன்னான்.

லீமா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'நான்தான்' என்ற வார்த்தை ஏற்கெனவே வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை. ஞானதாசன் வாயைத் திறந்தார்.

"மக்கா, அந்த வாட்ச் கிட்டிச்சு கேட்டியா. பீரோவுக்குப் பொறத்த கெடந்துது."

லீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியா அத்தான்" என்றான் ஜான்ரோஸ். பிறகு, "சந்தோசம்" என்றான். பிறகு, "அக்காட்ட குடுங்க" என்றான்.

ஞானதாசன் போனை நீட்டினார். லீமா வாங்கவில்லை. போனுக்குள்ளிருந்து ஜான்ரோஸ் அக்கா, அக்கா என்று விளித்துக்கொண்டிருந்தான்.